ஒரே பாட்டை நாலு பேருக்குக் கொடுக்கலாமா? சொந்தப் பாட்டுகளின் உரிமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில், வீட்டு மாடியில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். திருவிழாப் பாட்டு, வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) பாட்டு, அய்யாவழிப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு என்று எல்லாமே அந்த ஒரு அறையில்தான். மெட்டுப் போடுவதில் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் குறை ஒன்றும் இல்லை. போட்ட பாட்டை யாருக்கு, எப்படி, எத்தனை பேருக்குக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம். வாரத்துக்கு இரண்டு பேராவது போனில் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை என்றால் காகிதத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரே பாட்டை இரண்டு மூன்று பேருக்குக் கொடுக்கலாமா? அது ஏமாற்று இல்லையா?

கொடுக்கலாம். பாட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும், 'உங்களுக்கு மட்டும்தான்' என்று முன்னால் யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். வாங்குகிறவரிடம் மறைத்தால்தான் அது ஏமாற்று.

நம் ஊரில் நிலத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரிகிறது. தோப்பைக் கிரயம் எழுதிக் கொடுத்தால் அது போய்விட்டது, பிறகு ஒரு தேங்காய்கூட உங்களுடையது இல்லை. பாட்டின் பதிப்புரிமையை முழுசாக எழுதிக் கொடுப்பது அப்படி. தோப்பைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) விட்டால் அந்தக் காலம் முடியும்வரை ஒருவர்தான் அனுபவிப்பார், நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். அது தனி உரிமம், ஸ்டுடியோக்காரர்கள் வாயில் 'எக்ஸ்க்ளூசிவ்'. மூன்றாவது வழிநடைப் பாத்தியம். ஒரே வழியில் நாலு வீட்டுக்காரர்கள் நடக்கலாம், யாரும் யாரையும் தடுக்க முடியாது, வழி யாருக்கும் சொந்தமும் ஆகாது. ஒரே பாட்டைப் பலருக்குக் கொடுக்கும் பொது உரிமம், 'நான்-எக்ஸ்க்ளூசிவ்', இந்த மூன்றாவது வகை.

பலரும் இதைக் 'காப்புரிமை' என்கிறார்கள். பேச்சில் பரவாயில்லை. ஆனால் காகிதத்தில் பதிப்புரிமை என்றே எழுதுங்கள், கண்டுபிடிப்புக்கு வாங்குவதையும் காப்புரிமை என்று சொல்வதால் குழப்பம் வரும்.

ஒரு பாட்டுக்குள் எத்தனை உரிமை இருக்கிறது?

வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இந்த மூன்றையும் தனித்தனிப் படைப்பாகப் பார்க்கிறது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று வேறு ஒன்று இருக்கிறது.

சண்டை பெரும்பாலும் ஒலிப்பதிவில்தான் வரும். அந்தப் பதிவுக்கு முன்கை எடுத்து, பொறுப்பேற்று நடத்தியவர்தான் சட்டத்தின் பார்வையில் அதன் தயாரிப்பாளர், முதல் உரிமையாளர். ஒரு கொயர் (கோயில் பாடகர் குழு) தானே ஸ்டுடியோ வாடகையும் கீபோர்டுக்காரர் சம்பளமும் கொடுத்து உங்கள் பாட்டைப் பதிவு செய்தால் மெட்டு உங்களுடையது, அந்தப் பதிவு அவர்களுடையது. அதே மெட்டை அடுத்த கொயருக்கு நீங்கள் கொடுக்கலாம். ஆனால் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் அந்த மைனஸ் டிராக்கை (குரல் இல்லாத இசைப் பதிவை) எடுத்துக் கொடுக்க முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். 'டிராக் நான்தானே புரோகிராம் செய்தேன்' என்று பலர் நினைக்கிறார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருந்தால் அந்த வாதம் எடுபடாது.

வரிகளை வேறொருவர் எழுதியிருந்தால் ஒவ்வொரு தடவை கொடுக்கும்போதும் அவர் சம்மதம் வேண்டும். எனக்கு வரி எழுதித் தரும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருடன் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: யாருக்குக் கொடுத்தாலும் சரிபாதி, தனி உரிமம் என்றால் மட்டும் அவரைக் கேட்டுவிட்டுத்தான். எட்டு வரித் தாள்தான், இன்றுவரை ஒரு மனக்கசப்பும் இல்லை.

காசு வாங்கிக்கொண்டு அவர்களுக்காகவே எழுதினேன். அப்படியானால் பாட்டு அவர்களுடையதுதானே?

தானாக ஆகிவிடாது. மாதச் சம்பளத்துக்கு ஓரிடத்தில் வேலை பார்க்கும்போது, அந்த வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளிக்குப் போகும். வெளியாளாக இருந்து ஒரு பாட்டுக்குக் கூலி வாங்கினால், எழுதிக் கொடுக்காதவரை உரிமை எழுதியவரிடமே நிற்கும். புகைப்படத்துக்கு விதி வேறு, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. அதை வைத்துக்கொண்டு பாட்டுக்கும் அப்படித்தான் என்று வாதாடுகிறவர்கள் உண்டு.

சினிமாப் பாட்டு தனிக் கதை. காசு கொடுத்து எழுதச் சொன்ன படத் தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் முடியாது.

ஆனால் சட்டம் உங்கள் பக்கம் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஊர்க்கமிட்டி வரிப்பணம் பிரித்து, உறையில் போட்டுக் கொடுத்த காசு அது. அவர்கள் மனதில் 'நம்ம பாட்டு' என்றுதான் இருக்கும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என்ன பட்டீர்கள்?

கடலோர ஊர் ஒன்றின் பத்து நாள் திருவிழாவுக்குப் புனித அந்தோணியார் பாட்டு ஒன்று போட்டேன். காகிதம் எதுவும் இல்லை, எல்லாம் போனில்தான். அடுத்த ஆண்டு, மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறொரு பங்கில் (தேவாலயப் பகுதியில்) கேட்டார்கள். நேரமில்லை. பல்லவியில் 'அந்தோணியாரே' என்று வரும் இடத்தில் 'மிக்கேல் தூதரே' என்று மாற்றிப் போட்டேன். அசை எண்ணிப் பாருங்கள், இரண்டும் ஐந்து. அச்சு மாதிரி உட்கார்ந்தது. சரணத்தில் இரண்டு வரியைத் திருத்தி, வேறு பிள்ளையைப் பாட வைத்துக் கொடுத்துவிட்டேன்.

கொடியேற்று அன்று மாலை காற்று மேற்கிலிருந்து அடித்தது. அந்தப் பங்கின் கோன் ஸ்பீக்கரில் போட்ட பாட்டு இந்த ஊர்க் கடற்கரைவரை கேட்டிருக்கிறது. ஏழு மணிக்கு முதல் ஊர்க் கமிட்டிச் செயலாளர் போன் போட்டார்: "என்ன மக்கா, எங்க அந்தோணியார் பாட்டுல மிக்கேல் பேரு கேக்குது?"

சட்டப்படி நான் செய்ததில் தப்பு இல்லை. பாட்டு என்னுடையது, யாருக்கும் தனி உரிமம் கொடுக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல முடியுமா? அடுத்த ஆண்டுப் பாட்டைக் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து திருவிழாப் பாட்டுக்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறேன்: பொது உரிமம்தான், ஆனால் இந்தத் தாலுகாவுக்குள் 3 ஆண்டுக்கு வேறு எந்தப் பங்குக்கும் இந்த மெட்டைக் கொடுக்க மாட்டேன் என்று ஒரு வரி சேர்ப்பேன். கமிட்டிக்கு வேண்டியது அவ்வளவுதான். தூத்துக்குடியில் யாராவது பாடினால் அவர்களுக்கு என்ன?

வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டால் போதாதா?

உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். முழுசாக எழுதிக் கொடுப்பது என்றால் கையெழுத்தும் வேண்டும். எதுவுமே இல்லாததற்கு வாட்ஸ்அப் செய்தி மேல், ஆனால் குரல் செய்தியை நம்பாதீர்கள். நான் தரும் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"............ எனத் தொடங்கும் பாட்டின் வரிகளும் மெட்டும் என்னுடையவை. இதைத் தமிழில் ஒரு முறை ஒலிப்பதிவு செய்து, தங்கள் யூடியூப் சேனலிலும் ஆடியோ தளங்களிலும் உலகம் முழுவதும் வெளியிட, கீழ்க்கண்ட தேதியிலிருந்து 5 ஆண்டுக்கு அனுமதி தருகிறேன். இது தங்களுக்கு மட்டுமான உரிமம் அல்ல. இதே பாட்டை மற்றவர்களுக்குத் தரும் உரிமை என்னிடமே உள்ளது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இந்த அனுமதியை வேறொருவருக்கு மாற்றித் தரக் கூடாது. கண்டெண்ட் ஐடி (ஒரே பதிவு வேறு எங்கே வந்தாலும் கண்டுபிடிக்கும் யூடியூபின் இயந்திர முறை) போன்ற எதிலும் இந்தப் பாட்டைப் பதியக் கூடாது. வரிகள், இசை என்ற இடத்தில் என் பெயர் வர வேண்டும். தொகை ரூபாய் ............ பெற்றுக்கொண்டேன்."

இரண்டு பேரும் கையெழுத்து, தேதி, ஆளுக்கு ஒரு பிரதி. இவ்வளவு எழுத ஆங்கிலம் வேண்டாம். 'மற்றவர்களுக்குத் தரும் உரிமை என்னிடமே உள்ளது' என்ற வரியை மட்டும் வாங்குகிறவர் முன்னால் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். முகம் சுருங்கினால் அப்போதே பேசித் தீர்த்துவிடலாம்.

எத்தனை ஆண்டு, எந்த ஊர் என்று எழுதாமல் விட்டால்?

சட்டமே நிரப்பிக்கொள்ளும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு. இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இது வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய விஷயம். நம் மாவட்டத்துப் பாட்டுகளைக் கேட்பவர்களில் எத்தனையோ பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள், அங்கே ஜெபக் கூட்டங்களில் பாடுகிறார்கள். 'உலகம் முழுவதும்' என்ற இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் யூடியூபில் போடுவதே இடறும்.

இன்னொன்றும் உண்டு. உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். பாட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு 'அடுத்த ஆல்பத்தில் போடலாம்' என்று இழுத்தடிப்பவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டலாம்.

இரண்டு பேருக்குக் கொடுத்தேன். இரண்டாமவர் சேனலுக்குக் கிளெய்ம் ('இது என் பாட்டு' என்ற உரிமைகோரல்) வந்துவிட்டது. என்ன செய்ய?

பொது உரிமத்தில் வரும் தலைவலிகளில் முக்கால்வாசி இதுதான். முதலாமவர் பாட்டை ஆடியோ தளங்களுக்கு அனுப்பும்போது, அதை அனுப்பித் தரும் நிறுவனமான டிஸ்ட்ரிபியூட்டரின் இணையப் பக்கத்தில் 'யூடியூபில் பணம் ஈட்ட' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, காசு வரும் என்று போடுவதுதான். பாட்டு கண்டெண்ட் ஐடிக்குள் போய்விடும். அதன்பிறகு அதே டிராக்கில் வேறு யார் பாடிப் போட்டாலும் இயந்திரம் பிடித்துக்கொள்ளும், விளம்பர வருமானம் முதலாமவருக்குத் திரும்பிவிடும்.

யூடியூபின் விதிப்படி, தனக்கு மட்டுமே உரிமை உள்ள பதிவைத்தான் ஒருவர் கண்டெண்ட் ஐடியில் சேர்க்கலாம். பொது உரிமத்தில் வாங்கியவர் சேர்த்தது தப்பு. கிளெய்ம் வந்தவர் மறுப்புத் தெரிவித்து, உங்கள் உரிமத் தாளைக் காட்டலாம். கிளெய்ம் போட்டவருக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் மறுத்துவிட்டால், அந்த முதல் நாளிலிருந்து வரும் வருமானத்தை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள், ஆகவே தாமதிக்காதீர்கள். கிளெய்ம் வேறு, ஸ்டிரைக் (பதிப்புரிமை மீறலுக்கான எச்சரிக்கை) வேறு. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் வந்தால்தான் சேனலுக்கே ஆபத்து. பதறி வீடியோவை நீக்க வேண்டாம்.

முதலிலேயே தடுப்பதற்கு இரண்டு வழி. ஒன்று, மேலே உள்ள தாளில் இருக்கிற அந்தத் தடை வரி. இரண்டாவது, ஒரே மைனஸ் டிராக்கை அப்படியே கொடுக்காமல், ஆளுக்கொரு சுருதி, தாளக்கருவி, முன்னிசை என்று மாற்றிக் கொடுப்பது. அரை நாள் வேலை கூடும். இன்னொன்று, சாம்பிள் பேக்கில் (ஆயத்த ஒலித் தொகுப்பில்) இருந்து எடுத்த லூப் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு) உங்கள் பாட்டில் இருந்தால் அதே லூப் வேறு நூறு பாட்டிலும் இருக்கும். அந்தப் பாட்டைக் கண்டெண்ட் ஐடி பக்கமே நீங்களும் கொண்டுபோகக் கூடாது.

மூன்று பேருக்குப் பொது உரிமம் கொடுத்துவிட்டேன். இப்போது ஒருவர் நல்ல விலைக்குத் தனி உரிமம் கேட்கிறார்.

கொடுக்கலாம், பழைய மூவரைப் பற்றிச் சொல்லிவிட்டு. யாருக்கு, எந்தத் தேதியில், எது வரைக்கும் என்று பட்டியலாக எழுதி, 'இவை நீங்கலாக, இனி வேறு யாருக்கும் தர மாட்டேன்' என்று எழுதுங்கள். மூவரையும் பாட்டை எடுக்கச் சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை, அவர்கள் காலம் முடியும்வரை நடப்பார்கள். வில்லங்கச் சான்று பார்க்காமல் யாராவது நிலம் வாங்குவார்களா? பாட்டுக்கு அப்படி ஓர் அலுவலகம் இல்லை, வில்லங்கத்தை நீங்கள்தான் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். என் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம்.

தலைகீழாக, தனி உரிமம் முதலில் போய்விட்டால் அப்புறம் பொது உரிமத்துக்கு வழியே இல்லை, அது முடியும்வரை நீங்களே உங்கள் பாட்டைப் போட முடியாது.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், மலையாளத்தில் பாடக் கேட்கிறார்கள்.

அது வேறு உரிமை, வேறு விலை. மொழிபெயர்ப்புக்கு வரி எழுதியவர் சம்மதம் வேண்டும், மலையாள வரிகளை முற்றிலும் புதிதாக எழுதினால் மெட்டுக்காரர் சம்மதம் போதும். இணையத்தில் மாநில எல்லை போட்டுப் பிரிப்பது வீண் வேலை. கேட்கிறவர் நெய்யாற்றின்கரையில் இருந்தால் என்ன, குழித்துறையில் இருந்தால் என்ன? மொழியாலும் காலத்தாலும் பிரியுங்கள். தமிழில் ஒருவருக்குத் தனி உரிமம், மலையாளத்தில் இன்னொருவருக்குத் தனி உரிமம் என்று ஒரே மெட்டை இரண்டு தடவை கொடுக்கும் வசதி, எல்லையோரத்தில் இருக்கும் நமக்குக் கிடைத்தது. திருவனந்தபுரத்துக்காரர்கள் காகிதம் கேட்பார்கள், அதற்காகப் பயந்துவிடாதீர்கள்.

விலை எப்படி வைப்பது?

ஊர் விலை என்று ஒன்று கிடையாது. நான் கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்கு மட்டும். பொது உரிமம் ரூ. 4,000, ஐந்து ஆண்டில் ஐந்து பேர் வாங்குவார்கள் என்று தோன்றினால் அந்தப் பாட்டு ரூ. 20,000 தரும். அப்படியானால் 5 ஆண்டுத் தனி உரிமத்தை ரூ. 20,000க்குக் கீழே கொடுப்பது நஷ்டம். ஆனால் எந்தப் பாட்டை ஐந்து பேர் வாங்குவார்கள்? பொதுவான துதிப் பாட்டு, பிறந்தநாள் ஜெபப் பாட்டு, வி.பி.எஸ். ஆக்‌ஷன் பாட்டு, இவை திரும்பத் திரும்பப் போகும். குறிப்பிட்ட ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் வைத்துக் கட்டிய பாட்டு வேறு எங்கும் போகாது, அதைத் தனி உரிமமாகவே கொடுத்து நல்ல விலை கேளுங்கள். கடை விளம்பரமும் அப்படித்தான்.

முழுசாக எழுதிக் கொடுக்க மட்டும் அவசரப்படாதீர்கள். வரிக்கும் மெட்டுக்கும் பதிப்புரிமை ஆயுள் முழுவதும், அதன்பிறகு 60 ஆண்டு. பேரப்பிள்ளைகள் காலம்வரை வரக்கூடியதை, கீபோர்டு தவணை கட்ட இந்த மாதம் காசு குறைகிறது என்பதற்காகக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு கட்சிக்கும் ஒரே மெட்டைக் கொடுக்கலாமா?

சட்டத்தில் தடை இல்லை. ஆனால் நீங்கள் அதே ஊரில்தானே குடியிருக்கிறீர்கள்?

பழைய பாட்டுக்கு நான் மெட்டுப் போட்டால் அது என்னுடையதா?

மெட்டு உங்களுடையது, வரி பொதுச்சொத்து. தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1954இல் காலமானார். 60 ஆண்டு கணக்கு 2014 கடைசியோடு முடிந்தது. அவர் பாட்டுக்கு நீங்கள் மெட்டமைத்து உரிமம் கொடுக்கலாம், அதே வரிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேறு மெட்டுப் போடுவதைத் தடுக்க முடியாது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களும் அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டின் மூல வரிகளும் அப்படித்தான். வில்லுப்பாட்டின் மரபு மெட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை, ஆனால் ஒரு கலைஞர் பாடி வெளியிட்ட பதிவிலிருந்து வெட்டி எடுக்காதீர்கள். வாங்குகிறவரிடம் எது உங்களுடையது, எது பொதுச்சொத்து என்று தாளிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

பதிவு செய்தால்தான் உரிமையா?

இல்லை. எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிடும். பதிவு ஒரு சாட்சி. வரிக்கும் மெட்டுக்கும் படைப்பு ஒன்றுக்கு ரூ. 500, ஒலிப்பதிவுக்கு ரூ. 2,000 கட்டணம். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். எல்லாப் பாட்டையும் பதிய வேண்டாம், தனி உரிமத்துக்குப் போகிறதை மட்டும் பதிவு செய்கிறேன். மற்றதற்குத் தேதியுடன் டெமோவை என் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைப்பேன்.

ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் சேர்ந்தால் நானே உரிமம் கொடுக்க முடியாதா?

பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காக 1969இல் தொடங்கிய சங்கம் அது. சேரும்போது பொதுநிகழ்ச்சியில் பாடுவது, ஒலிபரப்புவது போன்ற சில உரிமைகளைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள், அவற்றுக்கான ராயல்டியை அவர்கள் வசூலித்துத் தருவார்கள். எழுதிக் கொடுத்த அந்த உரிமைகளை மறுபடியும் நீங்களே ஒருவருக்கு உரிமமாகத் தர முடியாது. உறுப்பினர் ஆன பிறகு உங்கள் தாளில் 'சங்கத்துக்குக் கொடுத்தவை நீங்கலாக' என்று ஒரு சொற்றொடர் சேர்த்துவிடுங்கள்.

கல்யாண வீட்டிலும் கோயிலிலும் என் பாட்டைப் போடுகிறார்கள். காசு கேட்கலாமா?

கேட்க முடியாது. மதச் சடங்குக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும், கல்யாணத்தை ஒட்டிய விருந்துக் கொண்டாட்டத்துக்கும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அந்தக் கல்யாண வீடியோவில் உங்கள் பாட்டைச் சேர்த்து யூடியூபில் ஏற்றுவதுதான் வேறு கணக்கு.

உரிமக் காசுக்கு வருமான வரி, ஜி.எஸ்.டி. உண்டா?

வாங்குவது கம்பெனி என்றால் ராயல்டியில் 10 சதவீதம் டி.டி.எஸ். (கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்கலாம், பான் கொடுத்து, கணக்குத் தாக்கலில் காட்டித் திரும்பக் கேளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பெரும்பாலும் தேவைப்படாது. தாண்டினால் ஆடிட்டரைப் பாருங்கள், மகிழ்ச்சியோடு.

என் பெயரைப் போடாமல் வெளியிட்டுவிட்டார்கள். மெட்டையும் கெடுத்துவிட்டார்கள்.

பாட்டை முழுசாக விற்றிருந்தாலும், படைத்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், பெயர் கெடும்படி சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் உங்களிடமே இருக்கும். சுருதியைக் கூட்டினார்கள், ரிதம் மாற்றினார்கள் என்பதெல்லாம் சிதைப்பு ஆகாது. துக்க வீட்டுக்கு எழுதிய பாட்டைக் குத்துப்பாட்டாக்கி மதுக்கடை ரீல்ஸில் விட்டால் பேசலாம்.

பெயர் விஷயத்துக்கு வக்கீல் நோட்டீஸ்வரை போக வேண்டாம். போன் போட்டு, யூடியூபில் வீடியோவுக்குக் கீழே உள்ள விவரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலைதான். நான் கேட்டுச் சேர்க்காதவர் இதுவரை ஒரே ஒருவர். எட்டு மாதம் கழித்துக் கிறிஸ்துமஸ் பாட்டு வேண்டும் என்று அவரே போன் போட்டார். பழைய வீடியோவைத் திறந்து பெயரைச் சேருங்கள், அப்புறம் மெட்டு அனுப்புகிறேன் என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே சேர்த்துவிட்டார், எழுத்துப் பிழையோடு.